இருபதாம் நம்பர் முள்

கார்த்திகை பிறந்து வாடைக்காற்று வலுத்துவிட்டால் காரைக்காலில் கடல் தொழில் பாதி நாள் படுத்துவிடும். அரசலாற்று முகத்துவாரத்தில் விசைப்படகுகள் நெருக்கியடித்து நிற்கும். காரைக்கால்மேட்டிலும் கிளிஞ்சல்மேட்டிலும் ஃபைபர் படகுகளை மணல்மேட்டுக்கு ஏற்றிவிட்டு, வலைக்கூடத்தில் ஆட்கள் கிழிந்த கண்ணிகளை முடிந்துகொண்டிருப்பார்கள். புயல் கூண்டு ஏறுவதும் இறங்குவதுமாக மார்கழி வரை போகும். அந்த மாதங்களில் நானும் முள்ளும் நூலுமாகத்தான் உட்கார்ந்திருப்பேன். ஆனால் நான் கட்டுவது ட்ரவுட் மீனுக்கான பூச்சி. அந்த மீன் இந்த ஊர்த் தண்ணீரில் கிடையாது. கொண்டுவந்து விட்டாலும் பொழுது சாய்வதற்குள் செத்துப்போகும்.

ட்ரவுட்டுக்குத் தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும், நிறையக் காற்றும் கலந்திருக்க வேண்டும். 20 பாகை செல்சியஸைத் தாண்டினாலே அதற்குத் திணறல் தொடங்கிவிடும். மார்கழிப் பனியில்கூட நம் ஆற்று முகத்துவாரங்கள் அதற்கு வேண்டிய அளவு குளிர்வதில்லை. தமிழ்நாட்டில் அதற்கு வாய்த்த இடம் நீலகிரி. இந்திய மீன்களைப் பற்றி எழுதிப் பெயர்பெற்ற ஃபிரான்சிஸ் டே 1860களில் ஐரோப்பிய ட்ரவுட்டை அங்கே குடியேற்றிப் பார்த்தார், பலிக்கவில்லை. எச்.சி. வில்சன் வந்து, 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் ஏற்படுத்தி, வானவில் ட்ரவுட்டை வளர்த்துவிட்ட பிறகுதான் மலையோடைகளில் அது காலூன்றியது. இலங்கையில் நுவரெலியாவுக்கு 1880களிலேயே போய்விட்டது, காஷ்மீருக்கு 1900இல். எல்லா இடத்திலும் கதை ஒன்றுதான். துரைமார்களுக்கு ஊர் ஞாபகம் வந்தது, மீன் கப்பலேறியது. அந்தந்த ஓடையில் ஏற்கெனவே இருந்த மீன்களைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அந்த வரலாற்றில் மெச்சுவதற்கு எனக்கு அதிகமில்லை. மீனோடு ஒட்டிக்கொண்டு வந்த கைவேலை மட்டும் தனி. அதை எந்த ஊர்க்காரனும் மெச்சலாம்.

முள்ளின் தண்டில் நூலும் இறகும் ரோமமும் சுற்றி, நீரில் மிதந்து வரும் பூச்சி என்று மீன் நம்பும்படி ஒன்றைச் செய்வதுதான் அந்த வேலை. இங்கிலாந்துச் சீமான்களின் கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். ரோமானியனான ஈலியன் ஏறக்குறைய 1800 ஆண்டுகளுக்கு முன்பே இதை எழுதிவிட்டான். மாசிடோனியாவில் ஓர் ஆற்றில் மீனவர்கள் சிவப்புக் கம்பளி இழையை முள்ளில் சுற்றி, சேவலின் தாடிக்கடியில் வளரும் மெழுகு நிற இறகு இரண்டை அதோடு கட்டி வீசுகிறார்கள் என்கிறான். சேவல் இறகு, நூல், முள். இன்றுவரை அடிப்படை மாறவில்லை.

பிரான்சில் ட்ரவுட் ஆறுகள் செப்டம்பர் மூன்றாவது ஞாயிறோடு மூடப்பட்டு மார்ச் இரண்டாவது சனிக்கிழமைதான் திறக்கும். நடுவில் மீன் முட்டையிடும் காலம் வருகிறது. நமக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் இருக்கிறதே, அதே நியாயம். அந்த ஆறு மாதக் குளிரில் தூண்டில்காரர்கள் வீட்டுக்குள் அடைந்து பூச்சி கட்டுவார்கள். 1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த ஊர் எங்களுடையது. பிரான்ஸ் குடியுரிமையும் பென்ஷனும் உள்ள குடும்பங்கள் இங்கே இன்றும் உண்டு. பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்து ஓய்வு பெற்று, டூ நதிக்கரையில் பெசான்சோனில் வீடு பிடித்துத் தங்கிவிட்ட என் சித்தப்பா, ஊருக்கு வந்த ஒரு பொங்கலுக்கு, முள்ளைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் ஒன்றும் சின்ன முட்கள் சில பொட்டலங்களும் கொண்டுவந்தார். "பொழுது போகலேன்னா கட்டிப் பாரு, கண்ணு கெட்டா என்னைச் சொல்லாதே" என்று கொடுத்துவிட்டுப் போனார். இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்த வழி அதுதான்.

முள்ளின் கணக்கு நம் மீனவர்களுக்குத் தெரிந்த கணக்கே. நம்பர் ஏற ஏற முள் சிறுக்கும். பத்து, பன்னிரண்டாம் நம்பரில் கட்டுபவை சாதாரணப் பூச்சிகள். பதினெட்டுக்கு மேல் போனால் சிறுபூச்சி என்பார்கள். இருபதாம் நம்பர் முள்ளின் தண்டு சீரகச் சம்பா அரிசி ஒன்றின் நீளம் இருக்கும். இருபத்திரண்டு, இருபத்திநாலு என்று அதற்குக் கீழேயும் உண்டு. அவற்றை மேசையில் வைத்துவிட்டு மின்விசிறியைப் போட்டால் பிறகு தேட வேண்டியதுதான்.

ஏன் இவ்வளவு சின்னதாகக் கட்ட வேண்டும்? குளிர்கால ஓடையில் பெரிய பூச்சிகள் இல்லை. மே மாத வெயிலில் சிறகு விரித்துப் பறப்பவை எல்லாம் கல்லுக்கடியில் புழுவாகக் கிடக்கும். அப்போதும் ஓயாமல் பொரிந்து மேலே வருவது கைரோனமிட் என்ற குடும்பம். கொசு சாயலில் இருக்கும், கடிக்காது. அமெரிக்காவில் பெரிய அணைகளின் அடியிலிருந்து வரும் தண்ணீர் குளிர்காலத்தில் உறைவதில்லை. அங்கே ஜனவரியிலும் நண்பகலில் இந்தப் பூச்சி பொரியும், மீன் மேலே வரும், ஆளும் உறைபனியில் நின்று வீசுவான். தண்ணீர் சில்லிட்டிருக்கும்போது மீனின் உடம்பும் மந்தம். ஓடித் துரத்தாது. நின்ற இடத்தில் வாய்க்கு நேராக வரும் துணுக்கை மட்டும் உறிஞ்சும். ஒரே அளவில் ஆயிரக்கணக்கான துணுக்குகள் மிதந்துவரும்போது அதன் கண் அந்த அளவுக்குப் பழகிவிடுகிறது. இரண்டு மடங்கு பெரிதாக ஒன்று வந்தால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் ஏறெடுத்துப் பார்க்காது.

இந்தக் கொசுவைப் பார்க்க நான் எங்கும் போக வேண்டியதில்லை. ஐப்பசி மழைக்குப் பின் குளமும் வாய்க்காலும் நிறைந்ததும் அந்திக்குமேல் டியூப்லைட்டை மொய்ப்பவற்றில் பாதி இதுதான். காலையில் விளக்குக்கு நேர்கீழே தரையில் குவிந்து கிடக்கும். ஒன்றை எடுத்து உருப்பெருக்கியில் பாருங்கள். ஆணுக்கு நெற்றியில் சாமரமாக இரண்டு உணர்கொம்புகள், முன்னங்கால்கள் உடலைவிட நீளம், மெலிந்து வரிவரியான வயிறு. அதன் புழுவைத்தான் வண்ணமீன் கடையில் ரத்தப்புழு என்று விற்கிறார்கள். நம் ரத்தத்தில் உள்ளது போன்ற ஹீமோகுளோபின் அதன் உடம்பிலும் இருப்பதால் அந்தச் சிவப்பு. கூட்டுப்புழு ஆனதும் நீர்ப்பரப்புக்கு வந்து, மேல்தோலுக்குக் கீழே தலைதூக்கித் தொங்கும். கூட்டுத்தோல் வெடித்துச் சிறகு வெளிவரும் சில நொடிகள்தான் மீனுக்கு நல்ல வேட்டை. சிறுபூச்சி கட்டுபவன் கட்டுவது பெரும்பாலும் அந்தச் சில நொடிகளைத்தான்.

இதற்கு நேர் எதிரான ஒரு மரபைச் சொல்லாவிட்டால் சிறுபூச்சியின் அருமை விளங்காது. விக்டோரியா காலத்து சால்மன் பூச்சிகள் இருக்கின்றனவே, அவை நகைக்கடை. ஜாக் ஸ்காட் என்று புகழ்பெற்ற ஒன்று. அதற்குத் தங்க ஃபெசன்ட்டின் கொண்டை, டூக்கான் பறவையின் மார்பு இறகு, நெருப்புக்கோழி, மக்காவ், கானமயில், வரகுக்கோழி இனங்களின் இறகுகள் எல்லாம் கேட்கும். கடைசியில் இரு பக்கமும் கண் வைக்க நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழி வேண்டும். அந்தச் சேவலின் கழுத்திறகு நுனியில் மெழுகைச் சொட்டிவிட்டது மாதிரி வெள்ளையும் மஞ்சளுமாகப் பளபளக்கும் புள்ளிகள் உண்டு. உலகத்தில் வேறு எந்தக் கோழிக்கும் கிடையாது. அதற்காக அதன் கழுத்துத் தோல் உரித்துக் கப்பல் கப்பலாக லண்டன் போயிற்று. அந்தக் கோழியின் அறிவியல் பெயரில் இருப்பவர் எங்கள் பிரெஞ்சிந்தியாக்காரர். புதுச்சேரியில் நெடுங்காலம் இருந்த பியர் சொன்னெரா 1782இல் வெளியிட்ட பயண நூலில் அதை வர்ணித்தார். 1813இல் டெம்மிங்க் அவர் பெயரையே அதற்குச் சூட்டினார். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் காட்டில் அதைத் தொடுவது குற்றம்.

இந்த ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2009 ஜூனில் நடந்ததே போதும். இங்கிலாந்தில் டிரிங் என்ற ஊரில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஓர் இளம் புல்லாங்குழல் மாணவன் ஜன்னலை உடைத்து இறங்கி, பாடம்செய்த 299 பறவைத் தோல்களைப் பெட்டியில் திணித்துக்கொண்டு போனான். சால்மன் பூச்சி கட்டுவதில் அவன் பேர்பெற்றவன். இத்தனைக்கும் அப்படிக் கட்டிய பூச்சிகளை யாரும் தண்ணீரில் போடுவதில்லை, கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுகிறார்கள். சால்மனுக்கு அந்த நிறங்கள் தேவைதானா என்று சால்மனை யாரும் கேட்கவும் இல்லை. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது பொருளின் அழகு. கையின் அழகைப் பார்க்க வேண்டுமென்றால் பொருளைப் பிடுங்கிவிட்டுப் பார்க்க வேண்டும். இருபதாம் நம்பர் முள் அதைச் செய்துவிடுகிறது. நீங்கள் நினைத்தாலும் ஐந்தாவது பொருளை வைக்க அதில் இடமில்லை.

வைக்க முடிகிற நாலு பொருளில் மூன்று எங்கள் ஊரைச் சுற்றியே கிடைக்கின்றன. இது தெரியவர எனக்குக் கொஞ்சம் காலம் ஆயிற்று.

முதலில் மயில். கிரிஃபித்ஸ் நாட் என்ற சிறுபூச்சியின் உடம்பு மயிலிறகின் ஒற்றை இழை. அமெரிக்காவில் 1959இல் ட்ரவுட் அன்லிமிடெட் என்ற அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜார்ஜ் கிரிஃபித் பெயரில் வழங்குவது. காரைக்காலுக்குத் தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். தர்காவில் தலையில் வருடி ஓதிவிடும் மயிற்பீலிக் கட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தெருக் கடைகளில் பீலி வாங்குபவர்கள் பளிச்சென்ற புதுப்பீலியைத் தேடுவார்கள். நான் வெயில் பட்டுப் பழசானதைக் கேட்பேன். மயிலின் பச்சை சாயம் அல்ல. இழைக்குள் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுச் சிதறுவதால் வரும் நிறம். நாள்பட்ட வெயிலில் அந்தப் பச்சை தணிந்து, செம்பு கலந்த ஒரு தவிட்டு மினுக்கம் வரும். பூச்சி கட்டுகிறவர்களுக்கு அதன்மேல்தான் கண். பீலியின் கண்ணுக்குச் சற்றுக் கீழே உள்ள இழைகள் குட்டை மயிராக இருக்கும், இருபதாம் நம்பருக்கு அவைதான் சரி. அடியில் உள்ளவை புதர் மாதிரி விரியும், முள்ளையே மூடிவிடும்.

அடுத்தது சேவல். அமெரிக்கர்கள் தூண்டிலுக்கென்றே இனவிருத்தி செய்த சேவல்களை விற்கத் தொடங்கும் வரை, மேல்நாட்டுப் பூச்சிகட்டிகள் பெரிதும் நம்பியிருந்தவற்றில் இந்தியச் சேவல் கழுத்தும் ஒன்று. விலை மலிவு, சின்ன இறகு அதில் நிறைய. நாட்டுச் சேவலின் கழுத்தில், கொண்டைக்கு அருகே, நகக்கண் அளவு இறகுகள் இருக்கும். விரலில் வளைத்தால் முட்கள் விறைத்து நிற்க வேண்டும். அடியில் பஞ்சு படர்ந்திருந்தால் ஒதுக்கிவிடலாம், அது தண்ணீரைக் குடித்து மூழ்கும். காகம், வல்லூறு, மயில் என்று சேவலை நிறம் பிரித்துப் பேசும் கட்டுச்சேவல்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அந்தக் கண்ணுக்குச் சாம்பலில் எத்தனை சாம்பல் என்பது தெரியும்.

மூன்றாவது வாத்து. தை, மாசியில் சம்பா அறுத்த வயல்களில் வாத்துப் பட்டிகள் இறங்கும். சிந்திய நெல்லையும் நத்தையையும் பொறுக்கிக்கொண்டு நூற்றுக்கணக்கில் வரப்பு தாண்டிப் போகும். வாத்து அலகை வாலடிக்குக் கொண்டுபோய்த் தேய்த்துப் பிறகு உடம்பெல்லாம் கோதுவதைக் கவனியுங்கள். வாலடியில் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. அந்தச் சுரப்பியைச் சுற்றி முளைக்கும் சிறு தூவிகள், ஊதினால் பறக்கும் சாம்பல்நிறத் துணுக்குகள், 1920களில் பிரான்சுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவே ஜூரா மலைப் பக்கத்தில் பூச்சி கட்டப் புகுந்தன. சித்தப்பா இருப்பதும் அதே வட்டாரம். அங்கே அதைப் பொட்டலம் போட்டு நல்ல விலைக்கு விற்கிறார்கள். இங்கே வாத்துக்கறிக் கடைக் கழிவோடு குப்பைக்குப் போகிறது. அந்தத் தூவியின் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் முறுக்கி நிற்பதால் நடுவே காற்றுக் குமிழ்கள் தங்கும். எண்ணெயைவிட அந்தக் காற்றுதான் மிதக்க வைக்கிறது. கூடுதலாக மிதக்கட்டும் என்று மேலே வேறு எண்ணெய் தடவினால் இழை படிந்துபோய், சும்மா இருந்ததும் கெடும்.

நாலாவது நூல். அதற்குத் தையல் நூல் தடிமன், ஆகவே சித்தப்பா கொண்டுவரும் நூலையே நம்பியிருக்கிறேன். வயிற்று வரிக்குச் செம்புக் கம்பி மட்டும் மோட்டார் காயில் கட்டும் கடையில் கிடைக்கிறது. தலைமுடியைவிடச் சற்றே தடித்த கம்பி, துண்டு துண்டாகத் தரையில் கிடக்கும். கேட்டால் சிரித்துக்கொண்டே அள்ளிக் கொடுப்பார்கள்.

இனி வேலை. கூட்டுப்புழுவைக் கட்டுவோம், கறுப்பு நூலும் செம்புக் கம்பியும் மட்டும். வைஸின் வாயில் முள்ளின் வளைவைக் கொஞ்சமாகக் கவ்வக் கொடுத்து முனையை வெளியே விட வேண்டும். நூல் சுருளைத் தாங்கும் பாபினை ஓட்டும்போது முனையில் நூல் உரசாமல் பார்ப்பது முதல் பாடம், உரசினால் இழை பிரியும். முள்ளின் காதுக்குச் சற்றுத் தள்ளியே நூலைத் தொடங்க வேண்டும். அந்தக் கொஞ்சம் இடத்தை விடாதவர்கள்தான் பெரும்பாலோர். கடைசியில் முடிச்சுப் போட இடமில்லாமல் காதை அடைத்துவிடுவார்கள், நரம்பு நுழையாது. கம்பியைத் தண்டோடு படுக்க வைத்து வளைவு வரை நூலால் கட்டிக்கொண்டே போக வேண்டும். இப்போது பாபினைத் தொங்கவிட்டு, இடப்பக்கமாக ஒரு சுழற்று. நூலில் இருக்கும் முறுக்கு அவிழும். உருண்டையாக இருந்த நூல் தட்டையாகப் பரந்து நாடாவாகிவிடும். அப்படித் தட்டையான நூலை அருகருகே படியவைத்துச் சுற்றிக்கொண்டு முன்னே வந்தால் உடம்பு மேடு பள்ளம் இல்லாமல், வால்பக்கம் ஒல்லியாகவும் தலைப்பக்கம் சற்றே கனத்தும் வரும். இந்த ஒரு சுழற்று தெரிந்தவன் கட்டியதற்கும் தெரியாதவன் கட்டியதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கைநீளத்தில் வைத்தே சொல்லிவிடலாம். பிறகு கம்பியை இடைவெளி விட்டு நாலைந்து சுற்று. அதைச் சுற்றும்போது நூலுக்கு எதிர்த்திசையில் சுற்றினால் வரி உள்ளே அமுங்காமல் மேலே நிற்கும். கம்பியைக் கத்தரியால் வெட்டாமல் ஆட்டி ஆட்டி ஒடித்தால் முனை துருத்தாது. கடைசியாக நூலின் நுனியை அதன் சுற்றுகளுக்கடியிலேயே புதைத்து இழுக்கும் முடிச்சு. நம் ஆட்கள் முள் கட்டும்போது நுனியைச் சுற்றுக்குள் விட்டு இறுக்குகிறார்களே, குடும்பம் அதுதான். மூன்று சுற்று போதும். ஐந்து போட்டால் தலை வீங்கிவிடும்.

சிறுபூச்சியில் நூல் ஒவ்வொரு சுற்றும் கணக்கு. பன்னிரண்டாம் நம்பரில் பத்துச் சுற்று அதிகமானால் யாருக்கும் தெரியாது. இருபதில் இரண்டு அதிகமானாலே அது வேறு பூச்சி. ஆகவே சுற்றைக் குறைத்துவிட்டு இறுக்கத்தைக் கூட்டுவார்கள். நூல் அறுந்துபோகும் எல்லைக்கு ஒரு மயிரிழை முன்னால் நிற்கும் இறுக்கம். அதை விரல்தான் கற்றுக்கொள்கிறது, வாயால் சொல்லித்தர முடியாது. கென்யாவிலும் இலங்கையிலும் தாய்லாந்திலும் பூச்சி கட்டும் பட்டறைகள் இருக்கின்றன. உலகக் கடைகளில் விற்பவற்றில் கணிசமானவை அங்கே பெண்கள் கட்டியவை. பெட்டியில் பேர் கிடையாது. அவர்களுடைய இருபதாம் நம்பர் பூச்சிகளின் தலையைப் பார்க்கும்போது, இதைக் கலை என்று சொல்லிக்கொண்டு ஒன்றுக்கு அரைமணி நேரம் எடுப்பவர்கள் கொஞ்சம் அடக்கமாகப் பேசலாம் என்று தோன்றும்.

எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால், ஸ்லோவேனியரான மர்யான் ஃப்ராட்னிக் உருவாக்கிய எஃப் பூச்சி. உடம்புக்கு வெறும் நூல். மேலே வாத்துத் தூவி இரண்டைப் படுக்கவைத்து, முள்ளின் வளைவுக்கு நேராக வெட்டிவிடுவது. அவ்வளவுதான். கால் இல்லை, கொம்பு இல்லை, கண் இல்லை. பார்ப்பவர்கள் இன்னும் முடிக்கவில்லையா என்பார்கள். கீழேயிருந்து பார்க்கும் மீனுக்கு நீர்த்தோலில் ஒரு சிறு பள்ளமும் மேலே மங்கலான ஒரு சிறகு நிழலும் தெரியும். உண்மையான பூச்சி வரும்போதும் அதற்கு மேல் அது எதையும் பார்ப்பதில்லை. கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி இதை மிதக்கவிட்டு, குனிந்து அடியிலிருந்து பார்த்தால் புரியும். மேலேயிருந்து குறையாகத் தெரிந்தது கீழேயிருந்து முழுசாக இருக்கும்.

அப்படியானால் கிரிஃபித்ஸ் நாட் எதற்கு என்று கேட்கலாம். அது ஒற்றைப் பூச்சியின் சாயல் அல்ல. நீர்மேல் இரண்டு மூன்று கொசுக்கள் பிணைந்து உருளும் கொத்தின் சாயல். மயிலிழை உடம்பின்மேல் வரிபோட்ட சேவலிறகை இடைவெளிவிட்டுச் சுற்றியதும், முன்னும் பின்னும் கிடையாத ஒரு கரடுமுரடான சிறு உருண்டை கிடைக்கும். தூரத்தில் மங்கலான வெளிச்சத்தில் தூண்டில்காரனுக்கே அது கண்ணில் படும் என்பது கூடுதல் வசதி. கட்டுவதற்கு எளிது. ஆனால் மயிலிழை ஒடியும் குணமுள்ளது, ஒரு மீனின் பல் பட்டாலே பிரிந்துவிடும். அதை நூலோடு சேர்த்து முறுக்கிச் சுற்றினால் தாங்கும்.

மாசி பிறக்கும்போது கட்டியவை ஒரு தகரப்பெட்டி நிறையும். மார்ச் இரண்டாம் சனிக்கிழமைக்கு முன் சித்தப்பாவுக்கு அனுப்ப ஆசைதான், ஆனால் மயிலிறகையோ அதில் செய்த பொருளையோ நாட்டுக்கு வெளியே அனுப்பத் தடை. அதனால் மயில் சேர்ந்தவற்றைத் தனியாக எடுத்து, ஸ்ரீநகரில் வேலையாக இருக்கும் நண்பருக்கு அனுப்புகிறேன்; அவருக்கு அங்கே லிடர் ஆற்றில் ஏப்ரலில்தான் பருவம் தொடங்கும், பொறுமையாகப் போய்ச் சேர்ந்தால் போதும். மிச்சம் இருப்பவற்றைச் சித்தப்பா நேரில் வரும்போது பிரித்துப் பார்ப்பார். போன முறை எஃப் பூச்சிகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தூவி ஒரு மயிரளவு நீளம் என்றார். காரைக்கால் வாத்து கொழுத்த வாத்து, அதன் தூவியே அப்படித்தான் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.